டிஷ்வாஷரில் தண்ணீர் வடியவில்லை என்றால் பம்ப் போய்விட்டது என்று அர்த்தமா?

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இது: டிஷ்வாஷர் ஓடி முடிந்த பிறகும் அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு அழுக்குத் தண்ணீர் நிற்கிறது. ஃபில்டரைக் கழற்றிக் கழுவிப் போட்டும் மாறவில்லை. மெக்கானிக்கிடம் போனில் சொன்னதும் "டிரெயின் பம்ப் போயிருக்கும், மாத்தணும்" என்று சொல்லிவிட்டார். அது உண்மைதானா, பணம் கட்டுவதற்கு முன் வீட்டிலேயே பார்க்க ஏதாவது உண்டா? மெஷினுக்கு மூன்று வயது ஆகிறது, கழிவுநீர் பைப் சிங்குக்கு அடியில் சேர்கிறது, போன மாதம்தான் சிங்க் பைப்பை மாற்றினோம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசித் தகவலைப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது.

வாஷிங் மெஷினும் டிஷ்வாஷரும் பழுது பார்ப்பது என் தொழில், பல வருடமாகச் செய்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: தண்ணீர் வடியவில்லை என்று கூப்பிடும் வீடுகளில் பம்ப் உண்மையிலேயே செத்துப்போயிருப்பது குறைவு. பம்புக்கு முன்னாலோ பின்னாலோ ஏதோ அடைத்திருப்பதுதான் அதிகம். உங்கள் மெஷினில் பம்ப் போகவே இல்லை என்று இங்கிருந்து சொல்ல என்னால் முடியாது. ஆனால் மெஷினைத் திறந்து பார்க்காமல் போனிலேயே பம்ப் போய்விட்டது என்று சொல்லவும் யாராலும் முடியாது.

தண்ணீர் போகும் வழியைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. டிஷ்வாஷரின் அடிக்குழி சிங்க் பைப்பைவிடத் தாழ்வாக இருக்கிறது, அதனால் தண்ணீர் தானாக வெளியே ஓடாது. குழியில் சேரும் தண்ணீரைச் சின்ன பம்ப் ஒன்று மேல்நோக்கித் தள்ள வேண்டும். ஃபில்டர், அதன் கீழே குழி, குழியின் ஓரத்தில் பம்பின் மூடி, மூடிக்குப் பின்னால் தண்ணீரைத் தள்ளச் சுழலும் சின்ன விசிறி போன்ற இம்பெல்லர், தள்ளிய தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் சின்ன வால்வு, அப்புறம் டிரெயின் பைப், கடைசியில் சிங்கின் ட்ராப், அதாவது சிங்குக்கு அடியில் இருக்கும் வளைந்த பைப். இந்த ஏழு இடத்தில் எது அடைத்தாலும் உங்களுக்குத் தெரிவது ஒன்றே ஒன்றுதான்: அடியில் தண்ணீர் நிற்கிறது. பாத்திரம் நன்றாகக் கழுவப்படுகிறது என்பதால் டிரெயின் பம்ப் சரியாக இருக்கிறது என்றும் முடிவு கட்ட வேண்டாம். பாத்திரத்தின் மேல் தண்ணீரைப் பீய்ச்சும் பம்ப் வேறு, வெளியே தள்ளும் பம்ப் வேறு.

பழுதே இல்லாத இரண்டு விஷயத்தை முதலில் ஒதுக்கிவிடுவோம். ஃபில்டரைத் தூக்கினால் அதன் கீழே குழிக்குள் ஒரு டம்ளர் அளவு தண்ணீர் இருப்பது இயல்பு. அது எப்போதும் அங்கே இருக்கும், பம்பின் ரப்பர் சீல் காய்ந்துபோகாமல் அதுதான் காக்கிறது. ஃபில்டருக்கு மேலே, ஸ்டீல் தரை மூழ்கும் அளவுக்கு நின்றால்தான் பிரச்சினை. இரண்டாவது, கரண்ட் போவது. நடுவில் கரண்ட் போய் வந்தால் பெரும்பாலான மெஷின்கள் விட்ட இடத்திலிருந்து தொடரும். அதற்குள் யாராவது ஸ்விட்சை அணைத்துவிட்டால் தண்ணீர் அப்படியே நின்றுவிடும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை வரும் நாட்களில் இந்த மாதிரி அழைப்புகள் வரும். அப்போது புரோகிராமை கேன்சல் செய்தாலே போதும், மெஷின் தண்ணீரை வெளியேற்றிவிட்டு நிற்கும். பல மாடல்களில் ஸ்டார்ட் பட்டனை மூன்று நான்கு விநாடி அழுத்திப் பிடிப்பதுதான் கேன்சல், உங்கள் மாடலுக்கு எது என்று கையேட்டில் இருக்கும். இந்த கேன்சல் வேலை கீழே சொல்லும் எல்லாச் சோதனைக்கும் தேவை, அதனால் முதலில் அதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

இனி காதை வைத்துப் பார்க்க வேண்டிய சோதனை. சமையலறையில் மிக்ஸி, எக்ஸாஸ்ட் ஃபேன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கேன்சல் கொடுத்து, மெஷினின் அடிப்பக்கம் காதை வைத்துக் கேளுங்கள். நான்கில் ஒன்று கேட்கும். ஒன்று, "உம்ம்ம்" என்று ஒரே சீரான முனகல், தண்ணீர் ஓடும் சத்தமே இல்லை. இம்பெல்லரில் ஏதோ சிக்கி, சுழல முடியாமல் மோட்டார் மட்டும் முனகுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இரண்டு, பம்ப் சுழலும் சத்தம் நன்றாகவே கேட்கிறது, தண்ணீர் கலங்கவும் செய்கிறது, ஆனால் குறையவில்லை. பம்ப் தள்ளுகிறது, வழி அடைத்திருக்கிறது. மூன்று, கடகடவென்று வெறும் சத்தம், அல்லது காற்றை இழுக்கும் கொர்ர்ர். மூடி சரியாக உட்காரவில்லை, அல்லது இம்பெல்லர் தன் அச்சிலிருந்து கழன்றிருக்கிறது. நான்கு, எந்தச் சத்தமும் இல்லை. இங்கேதான் பம்ப், ஒயர், மெஷினை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டு என்று மின்சாரப் பக்கம் சந்தேகப்பட வேண்டும். முதல் இரண்டு சத்தமும் ஏறக்குறைய நிச்சயமான அடையாளங்கள். மூன்றாவதில் எனக்கே திறந்து பார்க்காமல் உறுதி வராது. மெக்கானிக் போனில் ஒரு கேள்வி மட்டும்தான் கேட்க முடியும் என்றால் இந்தச் சத்தத்தைப் பற்றித்தான் கேட்டிருக்க வேண்டும்.

முனகல் கேட்டால் பம்பின் மூடியைத் திறந்து பாருங்கள். முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். பிளக் மெஷினுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தால் மெயின் போர்டில் அந்த லைனுக்கான எம்சிபி ஸ்விட்சை இறக்குங்கள். இதில் சமரசமே வேண்டாம், தண்ணீருக்குள் கை விடப்போகிறோம். சூடான புரோகிராம் ஓடியிருந்தால் ஆறும்வரை காத்திருங்கள். கீழ்த் தட்டை வெளியே எடுத்துவிட்டு, ஒரு கப்பால் தண்ணீரை மொண்டு, மிச்சத்தை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள். ஃபில்டரைத் திருகிக் கழற்றிய பிறகு தெரியும் குழியின் பக்கவாட்டில் ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும். பல மாடல்களில் அதை ஒரு ஸ்பூனின் காம்பால் நெம்பினால் வந்துவிடும், சிலவற்றில் ஒரு ஸ்க்ரூ இருக்கும். உள்ளே விரல் விடுவதற்கு முன் தடிமனான ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அல்லது டார்ச் அடித்துப் பார்த்து இடுக்கியால் எடுங்கள். உடைந்த கண்ணாடி டம்ளரின் சில்லு அங்கேதான் போய்ச் சேரும், தண்ணீருக்குள் அது கண்ணுக்குத் தெரியாது.

நம் வீடுகளில் அந்தக் குழியிலிருந்து எதெல்லாம் வருகிறது என்று சொன்னால் உங்களுக்குத் தேட எளிதாக இருக்கும். கறிவேப்பிலைக் காம்பு, புளிக்கொட்டை, புளிக்கோது, முருங்கைக்காய் சக்கை, எலுமிச்சை விதை. இவை ஃபில்டரைக் கழற்றும்போது தவறிக் குழிக்குள் விழுபவை, அல்லது ஃபில்டர் சரியாகப் பூட்டாத நாளில் நழுவியவை. அடுத்தது சாப்பாடு சம்பந்தமே இல்லாதவை: பால் பாக்கெட்டை வெட்டும்போது விழும் அந்த முக்கோண முனை, ரப்பர் பேண்ட், புது எவர்சில்வர் பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் விலைச் சீட்டு, ஸ்டீல் ஸ்க்ரப்பரின் கம்பி. இந்தக் கம்பி இம்பெல்லரின் காம்பில் சுற்றிக்கொண்டால் மோட்டார் முனகிக்கொண்டே நிற்கும், இடுக்கியால் பொறுமையாகப் பிரித்தெடுக்க வேண்டும். பருப்புப் பிசுக்கும் சோற்றுப் பருக்கையும் தனியாக இருந்தால் பம்ப் தள்ளிவிடும். மேலே சொன்ன பிளாஸ்டிக்கோ கம்பியோ ஒன்று குறுக்கே விழுந்த பிறகுதான் பருக்கை அதில் தங்கிப் பெரிய அடைப்பாகிறது.

எடுத்த பிறகு ஒரு ஸ்பூன் நுனியால் இம்பெல்லரை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். அது வழுவழுவென்று சுற்றாது. கொஞ்சம் பிடித்து, சட்டென்று ஒரு தாவு தாவி, மறுபடி பிடிக்கும். உள்ளே நிரந்தரக் காந்தம் இருப்பதால் அப்படித்தான் இருக்கும். அதைப் பார்த்து இன்னும் சிக்கல் இருக்கிறது என்று நினைத்துப் பலம் கொடுத்து உடைத்துவிடுகிறார்கள். எந்தப் பக்கமும் அசையவே இல்லை என்றால் சிக்கல், எந்தப் பிடிப்பும் இல்லாமல் தொளதொளவென்று சுற்றினால் இம்பெல்லர் கழன்றிருக்கிறது. மூடியைத் திரும்பப் போடும்போது "கிளிக்" சத்தம் வரும்வரை அழுத்துங்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். மூடி அரை மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டிருந்தாலும் பம்பால் தண்ணீரைச் சரியாக இழுக்க முடியாது, எல்லாம் சுத்தம் செய்தும் தண்ணீர் வடியாது, பம்ப் மேல் பழி விழும்.

இரண்டாவது வகைச் சத்தம் என்றால், அதாவது பம்ப் நன்றாகச் சுழன்றும் தண்ணீர் குறையவில்லை என்றால், பக்கெட் சோதனை. என்னைக் கேட்டால் உங்கள் வீட்டில் முதலில் செய்ய வேண்டியதே இதுதான். சிங்குக்கு அடியில் டிரெயின் பைப் சேரும் இடத்தில் கிளாம்பைத் தளர்த்திப் பைப்பை உருவுங்கள், கீழே ஒரு துணியும் கிண்ணமும் வைத்துக்கொள்ளுங்கள். பைப்பின் முனையை ஒரு பக்கெட்டுக்குள் விட்டு, ஏற்கனவே இணைந்திருந்த உயரத்திலேயே ஒருவர் இறுக்கிப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் கேன்சல் கொடுக்கட்டும். தரையில் வைத்த பக்கெட்டுக்குள் முனையைத் தாழ்த்திவிட்டால் தண்ணீர் சரிவிலேயே ஓடிவந்துவிடும், பம்பின் பலம் தெரியாது, அதனால்தான் உயரம் முக்கியம். ஒரு தடவை மெஷினுக்குள் இருப்பது சில லிட்டர்தான், சாதாரண பக்கெட்டே போதும். தண்ணீர் வேகமாகப் பாய்ந்து வந்தால் மெஷின் நன்றாக இருக்கிறது. பம்ப், வால்வு, பைப் மூன்றும் ஒரே அடியில் தேறிவிட்டன, கோளாறு சிங்க் பக்கம். சொட்டுச் சொட்டாக வந்தால் அடைப்பு மெஷினுக்குள்ளோ பைப்புக்குள்ளோ இருக்கிறது.

சிங்க் பக்கம் என்றால், போன மாதம் நடந்த பிளம்பிங் வேலையைத்தான் நான் சந்தேகப்படுவேன். டிஷ்வாஷர் பைப்பைச் சொருகுவதற்காக ட்ராப்பில் ஒரு சின்ன மூக்கு இருக்கும். புதிதாக வாங்கும்போது சிலவற்றில் அந்த மூக்கின் வாய் பிளாஸ்டிக்கால் மூடியே வரும். டிஷ்வாஷர் இல்லாத வீட்டில் ஒழுகக் கூடாது என்பதற்காக அப்படி. பைப்பைச் சொருகும் முன் அந்த மூடியை வெட்டியோ துளைத்தோ எடுக்க வேண்டும், அவசரத்தில் பிளம்பர் விட்டுவிடுவார். இதற்காகவே ஜெர்மன் நிறுவனங்களின் கையேடுகளில் தனியாக ஒரு வரி இருக்கும். ஆனால் அப்படி முழுக்க மூடியிருந்தால் பிளம்பர் வந்துபோன அடுத்த கழுவலிலேயே தண்ணீர் நின்றிருக்கும். நடுவில் சில நாள் சரியாக ஓடியது என்றால் வேறு காரணம் பாருங்கள். பைப் மெஷினுக்குப் பின்னால் சுவரில் நசுங்கியிருக்கலாம், பிளம்பர் மெஷினை நகர்த்தித் திரும்பத் தள்ளும்போது மடங்குவது சகஜம். பைப்பை ட்ராப்புக்குள் ஆழமாக நுழைத்துவிட்டு, அதன் முனை எதிர்ச் சுவரில் முட்டிக்கொண்டிருக்கலாம். நீளம் போதாமல் இன்னொரு துண்டை ஒட்டியிருந்தால் அந்த இணைப்பில் கசடு பிடித்திருக்கலாம். உயரத்தையும் பாருங்கள். பல மாடல்களின் கையேட்டில் பைப் சேரும் இடம் தரையிலிருந்து ஏறக்குறைய 40 செ.மீ.க்குக் குறையாமலும் ஒரு மீட்டருக்கு மிகாமலும் இருக்கச் சொல்லியிருப்பார்கள். அதைவிட உயர்த்தினால் பம்ப் திணறும். தரையில் இருக்கும் ஜாலிக்குள் பைப்பைப் போட்டுவிட்டால் வேறு தொல்லை, கழுவிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் உறிஞ்சப்பட்டு வெளியே போய்விடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மெஷின் நின்றவுடன் திறந்து பார்த்தால் தண்ணீர் இல்லை, காலையில் பார்த்தால் நிற்கிறது என்றால் அது வடியாத பிரச்சினையே இல்லை, தண்ணீர் திரும்பி வருகிறது. சிங்க் ட்ராப் அடைத்திருந்தால் சிங்கில் கொட்டுவது டிஷ்வாஷருக்குள் ஏறும். மெஷினை அணைத்துவிட்டு, சிங்க் நிறையத் தண்ணீர் பிடித்து ஒரே தடவையில் திறந்துவிட்டு, உடனே டிஷ்வாஷரைத் திறந்து பாருங்கள், தெரிந்துவிடும். டிரெயின் பைப் சிங்குக்கு அடியில் ஒரு வளைவாக மேலே ஏறி, பிறகு இறங்கி ட்ராப்பில் சேர்ந்தால் இது பெரும்பாலும் நடக்காது. நிற்கும் தண்ணீர் எண்ணெயும் வாடையும் இல்லாமல் தெளிவாக இருந்தால், உள்ளே தண்ணீர் விடும் வால்வு கசிகிறது என்று சந்தேகப்படலாம். அப்போது தண்ணீர்க் குழாயை மூடி வைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

பைப் அடைப்புக்கு நம் சமையலில் முக்கியக் காரணம் எண்ணெய்ப் பிசுக்கு. தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரியிலேயே உறைந்துவிடும், நெய்யும் குளிர்ந்தால் கட்டிப்படும். எப்போதும் விரைவுப் புரோகிராமில், குறைந்த சூட்டில் கழுவுகிறவர்கள் வீட்டில் கரைந்தும் கரையாமலும் போகும் பிசுக்கு பைப்பின் உட்சுவரில் மெல்ல மெல்லப் படிகிறது. பைப்பைக் கழற்றி, வாளியில் சூடான தண்ணீரும் பாத்திர சோப்பும் கலந்து ஊறவைத்து, அலசிப் போடலாம். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், பிளாஸ்டிக் தளர்ந்துவிடும். பிறகு மாதம் ஒரு தடவை காலி மெஷினை 65, 70 டிகிரி புரோகிராமில், டிஷ்வாஷருக்கென்று விற்கும் கிளீனர் போட்டு ஓட்டுங்கள். இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள்: சிங்க் அடைப்புக்கு விற்கும் காரப் பொடியையும் கழிவறை ஆசிடையும் டிஷ்வாஷருக்குள் தயவுசெய்து ஊற்றாதீர்கள். ஆசிட் ஸ்டீலை அரிக்கும். காரப் பொடி அடைப்பில் தங்கி, அடுத்து மூடியைத் திறப்பவரின் கையிலும் கண்ணிலும் தெறிக்கும். அந்த அடுத்தவர் பெரும்பாலும் என்னைப் போன்ற மெக்கானிக், அவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது.

திறந்தால் தண்ணீருக்கு மேல் நுரை பொங்கி நின்றால் காரணம் வேறு. டிஷ்வாஷர் டிடர்ஜென்ட் தீர்ந்துபோய்க் கையால் கழுவும் லிக்விடைப் போட்டிருப்பார்கள், அல்லது அந்த சோப்பில் தேய்த்த பாத்திரத்தை அலசாமல் அடுக்கியிருப்பார்கள். பம்பால் தண்ணீரைத் தள்ள முடியும், நுரையைத் தள்ள முடியாது. நுரையை மொண்டு எடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் அடங்கவிட்டு, சோப்பே போடாமல் ஒன்றிரண்டு தடவை அலசல் மட்டும் ஓட்டினால் சரியாகிவிடும்.

ஸ்கிரீனில் ஏதாவது எண் வந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. வந்தால் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். போஷ், சீமென்ஸ் மெஷின்களில் பல மாடல்களில் இ24 என்பது கழிவுநீர் வெளியேறவில்லை என்பதையும், இ25 என்பது பம்ப் சிக்கியிருக்கிறது அல்லது மூடி பூட்டவில்லை என்பதையும் காட்டும். எல்ஜியில் ஓஇ, சாம்சங்கில் 5சி அல்லது 5இ. இந்த எண்கள் தண்ணீர் போகவில்லை என்பதைத்தான் சொல்கின்றன, பம்ப் கெட்டுவிட்டது என்பதை அல்ல.  இ15 வந்தால் நிலைமை வேறு. மெஷினின் அடித்தட்டில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது, எங்கோ கசிகிறது, பம்ப் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். அதை வீட்டில் தோண்ட வேண்டாம்.

இதெல்லாம் பார்த்தும் பம்ப் பக்கம் சத்தமே இல்லை என்றால் அங்கேதான் என் ஆலோசனை முடிகிறது, மெக்கானிக்கின் வேலை தொடங்குகிறது. அவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: "தண்ணீர் வெளியேற்றும் நேரத்தில் பம்புக்குக் கரண்ட் வருகிறதா என்று மீட்டர் வைத்துக் காட்ட முடியுமா?" வழக்கமான பம்பில் 230 வோல்ட் வந்தும் அது அசையவில்லை என்றால் பம்ப் போய்விட்டது, தாராளமாக மாற்றுங்கள். கரண்ட்டே வரவில்லை என்றால் ஒயரையோ போர்டையோ பார்க்க வேண்டும், புது பம்ப் போட்டும் பயன் இருக்காது. புதிய மாடல்கள் சிலவற்றில் பம்பை போர்டு வேறு விதமாக இயக்குகிறது. அவற்றில் இந்த மீட்டர் கணக்கு பொருந்தாது, அந்த நிறுவனத்தின் சோதனை முறையில்தான் பார்க்க முடியும். தண்ணீர் வெளியேறும் நேரத்தில் மட்டும் வீட்டு ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானாக அணையும் பாதுகாப்பு ஸ்விட்ச்) விழுகிறது என்றால் பம்புக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று நினைக்க வலுவான காரணம் இருக்கிறது. மெஷினை உடனே நிறுத்திவிடுங்கள், விழுந்ததைத் திரும்பத் திரும்பத் தூக்கிவிட்டுச் சோதிக்க வேண்டாம். பம்பை மாற்றினால் பழைய பம்பைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, உங்கள் வீட்டுக்கு நான் சொல்லும் வரிசை: கேன்சல் கொடுத்துச் சத்தம் கேளுங்கள், பிறகு பக்கெட் சோதனை, பிறகு சிங்க் இணைப்பு, கடைசியில் பம்ப் மூடி. முனகல் கேட்டால் மட்டும் பம்ப் மூடியிலிருந்து தொடங்குங்கள். எல்லாம் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலைக்குள் முடிகிற வேலை. சத்தம் எந்த வகை, பக்கெட்டில் தண்ணீர் பாய்ந்ததா சொட்டியதா, மாடல் என்ன என்று எழுதினால் மேற்கொண்டு சொல்கிறேன். அதுவரை நின்ற தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றிவிட்டுக் கதவைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள், மூடி வைத்தால் ஒரே நாளில் நாற்றம் பிடித்துவிடும்.